வீக்கம் வடிந்தவர்கள்

மெட்டியைத் தேர்ந்தெடுத்த அன்று நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். எல்லாரையும்போல நானும் கைதட்டினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு நான் யாரையாவது திட்டினால், அந்தக் கைதட்டலையும் மறந்துவிடாதீர்கள்.

அது 2036ஆம் வருடம். கும்பகோணத்தில் ஒரு சிமெண்ட் கடைக்கு மேல்மாடியில் நற்பாதம் அறக்கட்டளையின் அலுவலகம் அப்போதுதான் திறந்திருந்தது. நான் இருபத்தைந்து வருடம் ஆஸ்பத்திரி வார்டுகளில் நர்ஸாக நின்று நின்று முழங்கால் தேய்ந்தவள். உட்கார்ந்து பார்க்கும் வேலை என்றதும் ஓடிவந்து சேர்ந்துகொண்டேன். பெயர் ரெஜினா. எங்களுக்கு முன்னால் நின்று பேசியவன் முகிலன், அறக்கட்டளையின் பொறியாளன். முப்பது வயதிருக்கும், பேச்சில் நல்ல சூடு.

திரையில் ஒரே ஒரு கேள்வியைப் போட்டிருந்தான். நம் ஊர்ப் பெண்கள் உடம்பிலிருந்து கழற்றவே கழற்றாத பொருள் எது?

ஆளுக்கொன்று சொன்னோம். கைக்கடிகாரம் என்றால் பாத்திரம் தேய்க்கும்போது கழற்றி ஜன்னலில் வைத்துவிடுவார்கள். செருப்பு வாசலோடு சரி. கொலுசு நாற்பது வயதில் பெட்டிக்குள் போய்விடும். ஒவ்வொன்றையும் அவனே தள்ளுபடி செய்தான்.

“மெட்டி,” என்றான் கடைசியில். “எங்கம்மாவுக்குக் கால் வீங்கும். யார்கிட்டயும் சொல்ல மாட்டாங்க. புடவையைக் கொஞ்சம் இறக்கிக் கட்டிக்குவாங்க, அவ்வளவுதான். ஆனா மெட்டி இறுக்கும் பாருங்க, அப்ப மட்டும் குனிஞ்சு ரெண்டு விரலால நெம்பிப் பெருசாக்கிக்குவாங்க. அவங்க நெம்புறதுக்கு முன்னாடி அந்த மெட்டியே நமக்கு ஒரு போன் போட்டா எப்படி இருக்கும்?”

அப்போதுதான் கைதட்டினோம். தட்டாமல் எப்படி இருப்பது? எத்தனை பெண்களை நான் வார்டில் பார்த்திருக்கிறேன். காலை மறைத்து மறைத்து, கடைசியில் ஸ்ட்ரெச்சரில் வந்தவர்கள். அவர்கள் வாயைத் திறக்கவே வேண்டாம், மெட்டி பேசிவிடும் என்றால் எனக்கு அது வரமாகத்தான் பட்டது.

பார்வைக்கு அது சாதாரண வெள்ளி மெட்டிதான். அடியில் இணையாத வளையம். உள்ளே தலைமுடி கனத்தில் ஒரு கம்பி. விரல் வீங்கினால் வளையம் விரியும். எவ்வளவு விரிந்தது என்பது வீட்டுச் செல்போன் வழியாகக் கால் மணிக்கு ஒரு தரம் எங்கள் திரைக்கு வந்துவிடும். இடது காலுக்கு ஒரு எண், வலது காலுக்கு ஒரு எண். நல்லபடியாக இருந்தால் பச்சை, கவனிக்க வேண்டுமென்றால் மஞ்சள், உடனே கிளம்ப வேண்டுமென்றால் சிவப்பு. சிவப்பு வந்தால் எங்கள் வண்டியே வீட்டுக்குப் போகும். மூன்று வருடத்தில் டெல்டா முழுக்க ஒன்பதாயிரம் பெண்கள் அதைப் போட்டுக்கொண்டார்கள். முதல் ஜோடி முகிலனின் அம்மா தையல்நாயகிக்கு. வைத்தீஸ்வரன்கோயிலில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவருக்கு ‘அம்மா, பச்சை’ என்று செய்தி அனுப்புவான்.

வருடா வருடம் ஆண்டுக் கூட்டத்தில் அம்மாவின் வரைபடத்தைக் காட்டுவதும் அவன் வழக்கம். முதல் வருடக் கோடு மேலும் கீழுமாக அல்லாடியது. இரண்டாவது கூட்டத்துக்கு வந்தபோது அவன் அப்பா தவறிப்போய் ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, மழித்த தலையில் முடி அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தது. “இந்தத் துக்கத்துலயும் அம்மாவுக்கு ஒரு நாள்கூட மஞ்சள் வரல,” என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நாங்களும் துடைத்துக்கொண்டோம். மூன்றாவது வருட அறிக்கையில் ஒரு வரியைப் பெரிய எழுத்தில் போட்டோம். வீக்கம் முற்றிலும் வடிந்தவர்கள், இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.

செங்கமலம் எனக்குப் பழக்கமானது ஒரு மஞ்சளால்தான். மன்னார்குடிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவள், நாற்பத்தேழு வயது. முதல் நாள் போனிலேயே என்னைச் சிரிக்க வைத்துவிட்டாள்.

“சொல்லுங்க சிஸ்டர். என் காலு ஒங்ககிட்ட ஏதாச்சும் கோள் சொல்லிச்சா?”

“ரெண்டு காலும் வீங்கியிருக்குன்னு சொல்லுது.”

“நின்ன வாக்குல இருநூறு புள்ளைவொளுக்கு ஆக்கிப் போடுறேன். வீங்காம பாட்டா பாடும்?”

“கணுக்காலுக்கு மேல கட்டை விரலால அழுத்திப் பாருங்க. குழி விழுதா?”

“விழுவுது. கொழுக்கட்டை மாவுல அழுத்துன மாதிரி.”

“காலையில எந்திரிச்சா மொகம் உப்பியிருக்கா? ஒண்ணுக்கு நுரைநுரையா போவுதா?”

“ச்சே, அதெல்லாம் இல்ல.”

“படுத்தா மூச்சு முட்டுதா? ரெண்டு தலகாணி வச்சாத்தான் தூக்கம் வருமா?”

“எனக்கு ஒரு தலகாணியே அவரு குடுக்க மாட்டாரு சிஸ்டர்.”

“புதுசா ஏதாச்சும் மாத்திரை சாப்பிடுறீங்களா?”

பிரஷர் மாத்திரையை மாற்றிக் கொடுத்து இரண்டு மாதம் ஆகிறதாம். அதுவாக இருக்கலாம், ஆனால் தானாக நிறுத்தக் கூடாது, டாக்டரிடம் காட்டிக் கேட்க வேண்டும் என்றேன். கேட்டாள். வேறு மாத்திரை கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் கால் பச்சைக்கு வந்தது.

“இதுக்குப் போயி பயந்துட்டேன் சிஸ்டர்,” என்றாள். “காலு வீங்குனா கிட்னி போச்சுன்னு எங்க தெருவுல சொன்னாங்க.”

“கிட்னியாவும் இருக்கலாம், இருதயமாவும் இருக்கலாம், ஈரலாவும் இருக்கலாம். சும்மா நின்னதாலயும் இருக்கலாம். அதுனாலதான் இத்தனை கேள்வி கேட்டேன். ரெண்டு காலும் சேந்து வீங்குனா பதற வேண்டாம், ஆனா தள்ளிப் போடாம காட்டணும். ஒரே ஒரு கால் மட்டும் திடீர்னு வீங்கி வலிச்சா அன்னைக்கே போவணும். அதோட மூச்சு வாங்குனா எனக்குக்கூடப் போன் போடாத, நேரா நூத்தியெட்டுக்குப் போடு.”

எப்போது ‘நீ’க்கு மாறினேன் என்று எனக்கே தெரியவில்லை. அவளும் கண்டுகொள்ளவில்லை.

“ஆமா, ஒங்க காலு எப்டி இருக்கு சிஸ்டர்?”

“எனக்கேது மெட்டி? நான் கல்யாணமே பண்ணிக்கலியே.”

“அய்ய, அப்ப ஒங்கள யாரு பாத்துக்குவா?”

சிரித்து மழுப்பினேன். அந்தக் கேள்வியை அன்றைக்கே ஒரு நிமிடம் உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

இந்த ஆனி மாதம் அவள் புருஷன் ராமலிங்கத்துக்கு மஞ்சள் காமாலை முற்றி, இருபது நாள் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்துபோனார். அந்த இருபது நாளும் செங்கமலம் வார்டுக்கு வெளியே நடைபாதையில் உட்கார்ந்தே இருந்தாள். பிறகு வீட்டில் ஒரு மூலையில் பாயைப் போட்டு உட்கார வைத்தார்கள். வருகிறவர்கள் கட்டிக்கொண்டு அழுவார்கள், இவளும் அழுவாள், மறுபடி அதே இடம். நான் இரண்டு தரம் போனில் பேசினேன். பேச்சில் பழைய கேலி இல்லை.

பதின்மூன்றாம் நாள் அவள் இடது கால் மஞ்சளானது. பதினைந்தாம் நாள் காலை சிவப்பு. வலது கால் பச்சையாகவே இருந்தது. அதைப் பார்த்ததும் போனை எடுத்தேன்.

“செங்கமலம், எடது கெண்டைக்கால்ல வலி இருக்கா?”

“இழுத்துப் புடிக்குது சிஸ்டர். தொட்டா சூடா வேற இருக்கு. ஒக்காந்தே கெடக்குறேன்ல, மரத்துப் போச்சு. மங்கைதான் எண்ணெ போட்டு உருவி வுடுது.”

மங்கை அவளுடைய ஓரகத்தி, ராமலிங்கத்தின் தம்பி மனைவி.

“உருவாதீங்க! இனிமே யாரையும் தொட விடாத. உள்ள ரத்தம் உறைஞ்சு அடைச்சிருந்தா, உருவுனா பேந்துக்கிட்டு மேல போயிடும். நுரையீரல்ல போயி அடைச்சா ஆளையே தூக்கிடும். இப்பவே வண்டி அனுப்புறேன்.”

“இன்னைக்கா? நாளைக்கு அவருக்குக் கருமாதி சிஸ்டர். சனமெல்லாம் வந்து எறங்கியிருக்கு. நான் எந்திரிச்சு வண்டியேறிப் போனா என்ன பேசுவாங்க? நாளைக்கு மத்தியானம் அனுப்புங்க. அவருக்குச் செய்ய வேண்டியது முடிஞ்சிரும். சத்தியமா ஏறிடுறேன்.”

“மூச்சு வாங்குதா?”

“இல்ல.”

நான் கத்தியிருக்க வேண்டும். வண்டியை அனுப்பிவிட்டுப் பிறகு சண்டை போட்டிருக்க வேண்டும். ஆனால் அவள் குரலில் அப்படி ஒரு கெஞ்சல். ஒரு நாள்தானே என்று நினைத்தேன். இருபத்தைந்து வருட அனுபவத்தில் இந்த நினைப்பைப்போல ஆளைக் கொன்றது வேறெதுவும் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் நினைத்தேன். மறுநாள் பன்னிரண்டு மணிக்கு வண்டி என்று பதிந்துவிட்டு, இரவெல்லாம் புரண்டுகொண்டிருந்தேன்.

மறுநாள் எட்டு மணிக்கு அலுவலகத்துக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் திரையைத் திறந்தேன். செங்கமலம் பச்சை. இடதும் பச்சை, வலதும் பச்சை. கீழே ஒரு வரி, ‘வீக்கம் வடிந்தது. வண்டி ரத்து செய்யப்பட்டது.’

“ஸ்தோத்திரம்,” என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். கீழே போய் ஒரு டீயும் இரண்டு வடையும் சாப்பிட்டேன். வடிந்துவிட்டது, வெறும் உட்கார்ந்த வீக்கம்தான் என்று அத்தனை நிம்மதி. நர்ஸ் மூளையை டீக்கடையிலேயே விட்டுவிட்டு மேலே ஏறி வந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

மத்தியானம் இரண்டரை மணிக்கு, கருமாதி முடிந்திருக்கும், ஒரு வார்த்தை பேசலாம் என்று அவள் பக்கத்தைத் திறந்தேன். அப்போதுதான் எண்களைப் பார்த்தேன். இடது பூஜ்யம், வலது பூஜ்யம். பத்து மணிக்கும் அப்படியே. எட்டு மணிக்கும் அப்படியே. காலையிலிருந்து அதே இரண்டு பூஜ்யங்கள் வரிசையாக இறங்கி வந்திருந்தன.

உயிருள்ள கால் அப்படி இருக்காது. என் காலையே எடுத்துக்கொள்ளுங்கள், காலையில் ஒன்று, மத்தியானம் கொஞ்சம் உப்பல், படுத்து எழுந்தால் மறுபடி ஒன்று. வரிசையின் தலைக்குப் போனேன். விடியற்காலை ஐந்து மணிக்கு இடது கால் சிவப்பு. ஐந்தே காலுக்குப் பூஜ்யம். பதினைந்து நிமிடத்தில் வடிகிற வீக்கத்தை எந்த வைத்தியத்திலும் நான் கேள்விப்பட்டதில்லை. கருமாதியன்று விடியற்காலையில் ஒரு பெண்ணுக்கு என்ன செய்வார்கள் என்று என் மண்டையில் அப்போதுதான் உறைத்தது. நம்பரை அழுத்தினேன். எடுத்தது மங்கை.

“அக்கா இப்ப பேச மாட்டாங்க சிஸ்டர். உள்ளதான் உக்காந்திருக்காங்க. சடங்கு முடிஞ்ச வூடு...”

“மங்கை, அவ மெட்டி எங்க?”

“மெட்டியா? விடியக்காலமே தாலியோட கழட்டிச் சொம்புப் பால்ல போட்டாச்சே. சாமி அலமாரியில இருக்கு. ஏன் சிஸ்டர், அது ஒங்களுக்குத் திருப்பித் தரணுமா?”

காலை எட்டு மணியிலிருந்து நான் ஒரு சொம்புப் பாலைப் பார்த்து நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

“அவ காலப் பாத்தியா? எப்படி இருக்கு?”

“பொடவையால மூடியிருக்காங்க. இருங்க... அய்யோ சிஸ்டர், தொடை வரைக்கும் ஏறியிருக்கே! பளபளன்னு இருக்கு.”

“மூச்சு எப்படி விடுறா?”

“அழுது அழுது எளைக்குது. காலையிலேர்ந்தே அப்படித்தான். நெஞ்சக் கையால புடிச்சுக்கிட்டே...”

“அது அழுகை இல்ல மங்கை. அந்த ரத்தக் கட்டி நெஞ்சுக்கு ஏறியிருக்கு. நூத்தியெட்டுக்கு நான் போடுறேன். அவள நடக்க விடாத, காலை யாரும் உருவக் கூடாது. வண்டி வந்ததும் ஏத்திடு.”

மறுமுனையில் கொஞ்ச நேரம் பந்திச் சத்தம் மட்டும் கேட்டது. வாசலில் ஆண்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்போல. மங்கைக்கு மாமனார் இருக்கிறார், பெரியவர்கள் இருக்கிறார்கள். தாலி வாங்கிய அன்றே ஒரு பெண்ணை நாலு பேர் பார்க்கத் தெருவில் தூக்கிக்கொண்டு போவது அந்த வீட்டில் லேசான காரியம் இல்லை என்பது எனக்கும் தெரியும். நான் அந்த அரை நிமிடத்தில் ஜெபித்தேன்.

“என்ன வேணா பேசட்டும்,” என்றாள் மங்கை. “அக்கா வூட்டுக்காரரு போனது பத்தாதா? கொல்லைப் பக்கம் வண்டி வரும் சிஸ்டர், அங்க வரச் சொல்லுங்க. நாற்காலியோட தூக்கிட்டு வந்துடுறோம்.”

தூக்கிக்கொண்டு வந்தார்கள். நுரையீரலில் அடைப்பு என்றார்கள் டாக்டர்கள். இன்னும் இரண்டு மணி நேரம் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றும் சொன்னார்கள். நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அவள் மூக்கில் ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள்தான் முகத்தில் ரத்தம் வந்து நாலு வார்த்தை பேசினாள்.

“எனக்குத் தெரியும் சிஸ்டர்.”

“என்ன தெரியும்?”

“மெட்டியக் கழட்டும்போது ஒங்க நெனப்புதான் வந்துச்சு. இனிமே அந்த சிஸ்டர் போன் பண்ணாதுன்னு நெனச்சுக்கிட்டேன். பூவு போச்சு, பொட்டு போச்சு, இதுவும் போவுதுன்னு. புருசன் இருக்குறவங்களுக்குத்தான அதக் குடுத்தீங்க?”

எனக்குச் சுருக்கென்றது. அப்படி ஒரு விதி எங்களிடம் இல்லை. யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் ஒன்பதாயிரம் பேரும் அப்படித்தான் புரிந்துகொண்டிருந்தார்கள் என்றால் அதுதான் விதி. அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். நோயாளி முன்னால் அழக் கூடாது என்று புதிதாக வரும் நர்ஸ்களுக்குப் பாடம் எடுத்தவள் நான்.

மறுநாள் காலை முகிலனைப் பிடித்தேன். நல்ல கோபத்தில் இருந்தேன்.

“மெட்டி விரல்ல இருக்கா இல்லையான்னு அதுக்குத் தெரியாதா தம்பி?”

“தெரியுற மாதிரித்தான் முதல்ல செஞ்சோம் சிஸ்டர். தோல்ல படலன்னா சத்தம் போடும். ஆனா நடக்கும்போது, குளிக்கும்போதெல்லாம் சும்மா சும்மா அலறிச்சு. அதனால எடுத்துட்டோம்.” தயங்கினான். “கழட்டவே மாட்டாங்கன்னு நாமதானே சொன்னோம்.”

“பூஜ்யம் வந்தா பச்சைன்னு யார் வச்சது?”

“வளையம் விரியலன்னா வீக்கம் இல்லன்னு அர்த்தம். அதுக்குப் பச்சைதானே...”

“விரல் உள்ள இருந்தா வளையம் துளியாவது விரிஞ்சுதான் இருக்கும். பூஜ்யம் எப்படி வரும்? உள்ள விரலே இல்லன்னாத்தான் வரும்.”

புத்திசாலி, சொல்லி முடிப்பதற்குள் புரிந்துகொண்டான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இரண்டு கால்களும் பல நாட்களாகப் பூஜ்யத்திலேயே இருக்கிறவர்களின் பட்டியலைக் கேட்டான். திரை ஒரு நிமிடம் யோசித்தது.

இருநூற்றுப் பதின்மூன்று. கடைசிப் பெயர் செங்கமலம். அவளைக் கழித்துப் பார்த்தால் எங்கள் ஆண்டறிக்கையின் பெரிய எழுத்து வரி.

வீக்கம் முற்றிலும் வடிந்தவர்கள் என்று நாங்கள் கைதட்டியது இவர்களுக்குத்தான். எங்கள் வேலை மிக நன்றாக நடந்த இடமே, நாங்கள் பார்க்காமல் விட்ட இடம். பால் சொம்பிலும், பீரோவிலும், மஞ்சள் துணி முடிச்சிலும் கிடந்த மெட்டிகள் கால் மணிக்கொரு தரம் எல்லாம் நலம் என்று எங்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கின்றன.

“கூப்பிடுவோம் சிஸ்டர்,” என்றான் முகிலன். “ஒவ்வொருத்தரையும் கூப்பிடுவோம்.”

முதல் எண்ணை நான் அழைத்தேன். பாபநாசத்துப் பக்கம், ஐம்பத்தாறு வயது. ஒரு ஆண் எடுத்தார்.

“அம்மாவா? அம்மா தவறி எட்டு மாசம் ஆச்சுங்களே. அப்பா போன மறுமாசமே கை காலெல்லாம் வீங்கி, மூச்சு வுட முடியாம... நீங்க யாரு பேசுறது?”

மன்னிப்புக் கேட்டுவிட்டு வைத்தேன். கால் மணிக்கு முன்புவரை எங்கள் திரையில் அந்த அம்மாள் நலமாக இருந்தார்.

இரண்டாவது எண்ணை அழுத்தப்போனபோது, முகிலன் பட்டியலை உருட்டுவதை நிறுத்திவிட்டிருந்தான். அவன் விரல் திரையில் ஒரு பெயரின் மேல் இருந்தது. தையல்நாயகி, அறுபத்திரண்டு வயது, வைத்தீஸ்வரன்கோயில். ஒரு வருடம் இரண்டு மாதமாகப் பூஜ்யம்.

எனக்கு அந்த மழித்த தலை நினைவுக்கு வந்தது. கோடு ஆடாமல் நேராகப் போகும் அந்த வரைபடமும் வந்தது. அவன் போனை எடுத்து மேஜைமேல் வைத்து அழுத்தினான். அவசரத்தில் விரல் ஸ்பீக்கரில் பட்டுவிட்டது.

“அம்மா.”

“என்னடா இந்நேரத்துல? சாப்ட்டியா?”

“அம்மா, ஒன் மெட்டி எங்கம்மா?”

“இதென்னடா கேள்வி? பீரோவுல பத்திரமா இருக்கு. நீதான அன்னைக்கிப் பால ஊத்திட்டு அலம்பி எங்கிட்ட குடுத்த?”

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

“கால் எப்படிம்மா இருக்கு?”

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு மட்டும் கேட்டது, அதுவும் பாதியில் நின்று மறுபடி இழுத்தது. இருபத்தைந்து வருடம் வார்டில் நின்ற காதுக்கு அது போதும். நான் என் போனை எடுத்து நூற்றியெட்டை அழுத்தினேன்.

“ரெண்டும் வீங்கித்தான் கெடக்கு, கொஞ்ச நாளா. படுத்தா மூச்சு முட்டுது. செவுத்துல சாஞ்சு உக்காந்துக்கிட்டே தூங்கிக்கிறேன்.”

“ஏம்மா எங்கிட்ட சொல்லல?”

“என்னத்தடா சொல்றது? நீதான் வாராவாரம் ‘அம்மா, பச்சை’ன்னு அனுப்புறியே. எனக்குத்தான் ஏதோ பிரமை, எம்புள்ள பாத்துச் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு இருந்துட்டேன்.”

ஆம்புலன்ஸ்காரரிடம் நான் விலாசம் சொல்லச் சொல்ல, முகிலன் வண்டிச் சாவியைத் தேடித் தன் சட்டைப்பையையே நாலு தரம் தடவினான். சாவி மேஜைமேல்தான் இருந்தது. எடுத்துக் கையில் கொடுத்தேன். படிகளில் அவன் ஓடிய சத்தம் சிமெண்ட் கடை வரைக்கும் கேட்டது.

மணி பதினொன்றே காலானது. திரையில் தையல்நாயகியின் பெயருக்கு நேரே புதிதாக ஒரு பச்சை வந்து சேர்ந்தது.